கார்பன் கலந்த பிளாஸ்டிக்கும் வலியசாலை வீட்டுப் பத்திரமும்

"சித்தப்பா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா மதி."

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. இங்கே மஸ்கட்டில் லீவு நாள். முதல் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது வலியசாலையிலிருந்து அண்ணன் பையன் போன் செய்தான். திருவனந்தபுரத்துத் தமிழ் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் 'மதி' என்றால் நிலாவும் இல்லை, அறிவும் இல்லை. 'போதும்' என்று அர்த்தம். மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல்.

கையெழுத்து எதற்கு? காந்தளூர் மகாதேவர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றேதான், அந்தக் காலத்து வரிசை வீடு. அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேருக்குப் பங்கு. அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. அண்ணியும் பையனும் அங்கேதான் இருக்கிறார்கள். பையன் ஊருக்கு வெளியே ஒரு வாடகை ஷெட்டில் இரண்டு மோல்டிங் மெஷின் வைத்து பள்ளிக்கூட ஸ்கேல், சோப்பு டப்பா, ஸ்விட்ச் பாக்ஸ் அடித்து விற்கிறான். மூன்றாவதாகப் பெரிய மெஷின் வாங்க வேண்டுமாம். வங்கி வீட்டை அடமானம் கேட்கிறது. நான் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்த பவர் ஆஃப் அட்டர்னி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், மதி.

"மெஷின்ல என்னடா அடிக்கப் போற?"

"எல்.இ.டி பல்புக்கு பாடி, சித்தப்பா. அலுமினியம் வேண்டாம். கிராஃபீன் கலந்த பிளாஸ்டிக்."

அரை மணி நேரத்தில் சப்ளையர் கொடுத்த கையேடு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. பளபளவென்று எட்டுப் பக்கம். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில்: செம்பைவிடப் பத்து மடங்கு வெப்பம் கடத்தும் கார்பன்! வெறும் 5 சதவீதம் சேர்த்தாலே போதும்!

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதே மாதிரி போன் உங்களில் பலருக்கும் வந்திருக்கும், இல்லையென்றால் இனிமேல் வரும். பையன் கிராஃபீன் என்பான், மச்சினன் பேட்டரி என்பான், சகலை வேறு ஏதாவது சொல்வான். 'வெளிநாட்டில் இருக்கிறவர்' என்ற ஒரே தகுதியில் நம்மிடம் கையெழுத்து கேட்பார்கள். நாமும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். பாசத்தில் போட்டுவிடுகிறோம், அல்லது பயத்தில் "பாக்கலாம்டா" என்று இழுத்தடிக்கிறோம். பொருளைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் செலவழிப்பதில்லை. நானும் முதல் பத்து நாள் இழுத்தடித்தவன்தான். பையன் குரல் மாறிவிட்டது. "உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா சொல்லிடுங்க சித்தப்பா" என்றான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எல்.இ.டி பல்பு சூடே ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி அப்படியில்லை. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அந்தச் சின்னச் சில்லுக்குள்ளேயே சூடாக நின்றுவிடும். அதை இழுத்து வெளிக்காற்றில் விடாவிட்டால் பல்பு சீக்கிரம் மங்கும், சீக்கிரம் சாகும். அதனால்தான் நல்ல பல்பின் பாடியில் அலுமினியம் இருக்கும். பலவற்றில் உள்ளே அலுமினியமும் மேலே பிளாஸ்டிக் தோலும்.

வெப்பம் கடத்தும் திறனுக்கு ஒரு அளவு உண்டு. யூனிட் பெயர் வாயில் நுழையாது (ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட்), எண்ணை மட்டும் பாருங்கள். செம்பு சுமார் 400. சுத்த அலுமினியம் 237. நம் சமையலறை எவர்சில்வர் 15 பக்கம். சாதாரண பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் வெறும் 0.2. அதாவது செம்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. குக்கர் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக் மாட்டுவதன் ரகசியம் இதுதான்.

பிளாஸ்டிக் ஏன் இப்படி? அதன் மூலக்கூறுகள் நீள நீள நூல்கள். அந்த நூல்கள் கொத்துக்கொத்தாகச் சிக்கிக் கிடக்கின்றன. உலோகத்தில் வெப்பத்தைச் சுமந்து ஓடக் கட்டற்ற எலெக்ட்ரான்கள் உண்டு, இங்கே கிடையாது. நூலின் அதிர்வு ஒன்றுதான் வழி, அதுவும் ஒவ்வொரு சிக்கலிலும் சிதறிப்போகிறது. 2010-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டியில், அதே பாலிஎத்திலீனை இழுத்து இழுத்து நூல்களை நேராக்கி மெல்லிய இழையாக்கினார்கள். அதில் 104 வந்தது! பொருள் அதேதான், சிக்கெடுத்ததும் உலோகத்தோடு போட்டி போடுகிறது. ஆனால் பல்பு பாடியை அப்படி இழுத்து நேராக்க முடியாது. அதனால் கார்பனைக் கலக்கிறார்கள்.

கார்பன் இந்த விஷயத்தில் ராஜாதான். வைரம் 2000. கிராஃபைட் அடுக்கின் வாக்கில் சுத்தமான படிகத்தில் ஏறக்குறைய அதே அளவு. அந்த அடுக்கில் ஒன்றே ஒன்றை உரித்து எடுத்தால் அது கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் நோவோசெலோவும் டேப் ஒட்டி உரித்தார்கள், 2010-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். 2008-ல் கலிஃபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 5000 வரை வந்தது. ஆக, கையேட்டில் போட்டிருந்த 'செம்பைவிடப் பத்து மடங்கு' பொய்யில்லை. அது கிராஃபீனின் எண். பையன் விற்கப்போவது பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டுப் பத்திரம் இருந்தது.

நான் பி.காம். படித்தவன். கணக்கு என்றால் கை துறுதுறுக்கும். உடனே வெயிட்டட் ஆவரேஜ் போட்டேன். கார்பனுக்குத் தாராளமாக 3000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் 150. பிளாஸ்டிக்கின் 95 சதவீதத்துக்கு 0.19. மொத்தம் 150 சொச்சம். அடேயப்பா, அலுமினியத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று ஒரு ராத்திரி முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அண்ணியிடம்கூட "நல்ல திட்டம்தான் போலிருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

தப்பு. அந்த ஆவரேஜ் சரியாக வர வேண்டுமானால் கார்பன் எல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத கம்பியாகப் போக வேண்டும். அதற்கு நேர் எதிர், கார்பன் ஒரு அடுக்கு, பிளாஸ்டிக் ஒரு அடுக்கு என்று குறுக்கே கிடந்தால்? அப்போது தடைகளைக் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கில் வருவது 0.21. வெறும் பிளாஸ்டிக் 0.2! ஒரு கணக்கில் 150, இன்னொன்றில் 0.21. உண்மை நடுவில் எங்கேயோ இருக்கிறது, ஆனால் நிஜத்தில் கீழ்க்கோடியை ஒட்டித்தான். 5 சதவீதம் கலந்த சாதாரண மோல்டிங் பொருள் 1-ஐத் தொடுவதே பெரும்பாடு.

ஏன் என்று எனக்குப் புரிய என் ஆபீஸ் வேலையே உதவியது. இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். வங்கிக்கும் வங்கிக்கும் நடுவில் செய்தி போவது நொடிக்கணக்கு. ஆனால் பணம் அங்கே போய்ச் சேர்ந்து, பெயரில் ஒரு எழுத்து சரியில்லை, எதற்காக அனுப்பினீர்கள் என்று கேள்வி வந்து, கடைசிக் கிளையில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். கம்பியை இன்னும் வேகமாக்கினால் அந்த இரண்டு நாள் குறையுமா? கார்பனுக்குள் வெப்பம் பறக்கிறது. கார்பன் முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் விளிம்பில் அதிர்வுகள் ஒத்துப்போகாமல் நின்றுவிடுகிறது. இரண்டு பொருள் தொடும் இடத்தில் இப்படி ஒரு தடை உண்டு என்று 1941-லேயே ரஷ்ய விஞ்ஞானி கபிட்சா அளந்து காட்டிவிட்டார், இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. துகளை எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு விளிம்பு, அவ்வளவு கிளை ஆபீஸ். சாதாரணப் பெரிய செதில் கிராஃபைட் சில நேரம் விலையுயர்ந்த நுண்பொடியைவிட நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

அப்படியானால் கொஞ்சம் கார்பன் போட்டதும் பிளாஸ்டிக் மின்சாரம் கடத்துகிறதே, அது எப்படி? நானும் குழம்பினேன். மின்சாரத்தில் பிளாஸ்டிக்குக்கும் கார்பனுக்கும் உள்ள வித்தியாசம் கோடி கோடி மடங்குக்கு மேல். துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு பாதை கிடைத்ததும் ஸ்விட்ச் போட்டதுபோல மாறிவிடும். வெப்பத்தில் வித்தியாசம் சில ஆயிரம் மடங்குதான். அதனால் திடீர்த் தாவல் கிடையாது. போடப் போடத்தான் ஏறும், அதுவும் நிறையப் போட வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னால் பையன் கேட்பானா? "சித்தப்பா கூகிள் பண்ணிட்டுப் பேசறார்" என்று நினைத்திருப்பான். அதனால் ஒரு சோதனை சொன்னேன். அவனிடம் ஸ்கேல் அடிக்கும் மோல்டு இருக்கிறதே. அதில் மூன்று வகை அடித்தான். ஒன்று வெறும் பிளாஸ்டிக். இன்னொன்று சப்ளையரின் சாம்பிள் 5 சதவீதம் கலந்தது. மூன்றாவது சாதாரணச் செதில் கிராஃபைட் எடையில் 40 சதவீதம் கலந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வலியசாலை சமையலறை, வீடியோ காலில் நான். அண்ணி ஒரு டம்ளரில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாள். மூன்று ஸ்கேல், கூடவே ஒரு எவர்சில்வர் ஸ்பூன். தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அகலம் தள்ளி ஒவ்வொன்றிலும் மிளகு அளவு வெண்ணெய். முதலில் ஸ்பூன் வெண்ணெய் வழிந்தது. அடுத்து 40 சதவீத ஸ்கேல். சப்ளையர் சரக்கில் வெண்ணெய் லேசாகப் பளபளத்தது, அவ்வளவுதான். வெறும் பிளாஸ்டிக்கில் வைத்தது வைத்தபடி இருந்தது. "இதுக்கா இவ்வளவு விலை கேக்கறான்?" என்று கேட்டது நான் இல்லை, அண்ணி :-)

பையன் முகம் மலர்ந்தது. "அப்ப 40 சதவீதமே போட்டுடலாம் சித்தப்பா!" என்று அந்தக் கறுப்பு ஸ்கேலை மேஜையில் தட்டினான். படக்கென்று இரண்டாக உடைந்தது. நிரப்பி கூடக் கூடப் பிளாஸ்டிக்கின் வளையும் குணம் போய்விடும். உருகிய நிலையில் மோல்டுக்குள் ஓடவும் சண்டித்தனம் செய்யும். உடைந்த துண்டின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைக்கச் சொன்னேன். மின்சாரம் போகிறது என்று காட்டியது.

யாரும் பேசவில்லை. பல்பு என்பது 230 வோல்ட்டில் ஓடுவது. அதன் பாடியை அக்கா கையால் பிடித்துத் திருகி மாட்டுவாள். உள்ளே ஒரு கம்பி நழுவித் தொட்டால் என்ன ஆகும்? அலுமினியத்துக்கும் இதே ஆபத்து உண்டு, அதனால்தான் மேலே பிளாஸ்டிக் தோல் போடுகிறார்கள். 'பிளாஸ்டிக்தானே, ஷாக் அடிக்காது' என்ற நம் நம்பிக்கையைக் கார்பன் கலந்த பிளாஸ்டிக் காலைவாரிவிடும். மின்சாரம் கடத்தாமல் வெப்பம் மட்டும் கடத்த வேண்டுமானால் போரான் நைட்ரைடு, அலுமினா மாதிரி வேறு நிரப்பிகள் உண்டு. போரான் நைட்ரைடு விலையைக் கேட்டால் பல்பே தேவையில்லை, விளக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இன்னொரு விஷயம், திசை. கிராஃபைட் செதில், அடுக்கின் வாக்கில் ஆயிரக்கணக்கில் கடத்தும், குறுக்கே பத்தைக்கூடத் தாண்டாது. மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஓடும்போது செதில்கள் ஓட்டத்தோடு படுத்துக்கொள்ளும். எங்கள் ஸ்கேலில் நீளவாக்கில் பார்த்ததால் நல்ல பெயர் கிடைத்தது. கனத்தின் குறுக்கே அளந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். கையேட்டில் எந்தத் திசை என்று போட்டிருந்ததா? ம்ஹூம்.

இவ்வளவு சொன்னதும் இந்தப் பொருளே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். என் கருத்து அதற்கு எதிர். பொருள் நல்லது. விற்கிறவர் காட்டும் எண்தான் தவறான இடத்து எண்.

யோசித்துப் பாருங்கள், பல்பிலிருந்து சூடு கடைசியில் எங்கே போக வேண்டும்? காற்றுக்கு. ஃபேன் இல்லாத சும்மா காற்று சூட்டை வாங்கிக்கொள்வதில் மகா சோம்பேறி. பாடியின் கடத்துத்திறன் 0.2-லிருந்து 5 ஆனால் பெரிய லாபம். 5-லிருந்து 20 ஆனால் கொஞ்சம் லாபம். 200-லிருந்து 400 ஆக்கினால் பல்புக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்போது தடை காற்றில் இருக்கிறது. ஆகவே அலுமினியத்தை எட்டிப்பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகக் கலந்த கிராஃபைட் பிளாஸ்டிக் சில வாட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். எடை அலுமினியத்தைவிடக் குறைவு. எந்த வடிவத்திலும் ஒரே அடியில் வார்க்கலாம். முக்கியமாக, உப்புக்கும் அமிலத்துக்கும் அசையாது. அமிலத் தொழிற்சாலைகளிலும், கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் சாதனங்களிலும் கிராஃபைட் கலந்த பாலிப்ரோப்பிலீன் குழாய்களை உலோகக் குழாய்க்குப் பதிலாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் மஸ்கட்டில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

நம் ஊருக்கும் இது அந்நியமான சமாச்சாரம் இல்லை. ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே வெள்ளநாடு பக்கம் கிராஃபைட் உண்டு. திருவிதாங்கூர் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி தோண்டியது. ஆழம் போகப் போகச் செலவு கட்டுப்படியாகாமல் 1912-ல் நின்றுபோனது. இன்று தமிழ்நாட்டில் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் எடுக்கிறது. இலங்கையில் போகலையின் கிராஃபைட் அதன் சுத்தத்துக்கு உலகப் பெயர் பெற்றது. கொச்சியில் டிஜிட்டல் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்தும் கிராஃபீன் மையம் வேறு வந்திருக்கிறது. அதனால் ஊர்ப் பத்திரிகைகளில் கிராஃபீன் என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ஆய்வு செய்கிறவர்கள் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். அவர்கள் நிழலில் நின்று கையேடு அடிக்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

எனவே இப்படி ஒரு பொருளோடு யாராவது உங்களிடம் கையெழுத்துக்கு வந்தால் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. இந்த எண் நிரப்பியின் எண்ணா, கலந்து வார்த்த பொருளின் எண்ணா?
2. எந்தத் திசையில் அளந்தது? குறுக்கே எவ்வளவு?
3. எத்தனை சதவீதம் கலந்தால் இந்த எண்? அந்த அளவில் கீழே போட்டால் உடையுமா?
4. மின்சாரம் கடத்துமா? கடத்தினால் யார் கை அதைத் தொடும்?
5. இந்த வேலைக்கு எவ்வளவு இருந்தால் போதும்?

முதல் நாலுக்கும் சப்ளையர் வாயால் சொல்லும் பதில் செல்லாது. வார்த்த சாம்பிளை மூன்றாவது ஆளிடம் கொடுத்து அளக்க வேண்டும். சென்னையிலும் கொச்சியிலும் சிபெட் இருக்கிறது. வலியசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாப்பனங்கோட்டில் என்.ஐ.ஐ.எஸ்.டி இருக்கிறது, பொருளறிவியல் ஆய்வும் நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். கூடம். மெஷின் விலையோடு ஒப்பிட்டால் சோதனைச் செலவு தூசி. வங்கியில் இருபது வருடமாகப் பார்க்கிறேன், கடன் மூழ்கிய கோப்புகளில் பாதியில் இந்தத் தூசியைச் செலவழிக்காததுதான் முதல் தவறாக இருக்கும்.

சரி, எங்கள் கதை? வீட்டுப் பத்திரத்துக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணி தலைக்கு மேலே இருக்கும் கூரை அது. பையனுக்கு வருத்தம்தான், இரண்டு வாரம் என் மெசேஜுக்குப் பதில் இல்லை. ஆனால் 'வேண்டாம்' என்பதோடு நான் நிறுத்தியிருந்தால் அது என் கோழைத்தனம். ஈடு இல்லாமல் சிறு தொழிலுக்குக் கடன் கிடைக்க, மத்திய அரசும் சிட்பியும் 2000-ல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. அந்த வழியில் விண்ணப்பம் எழுத நானே உட்கார்ந்தேன். சோதனைச் செலவும் என்னுடையது.

பல்பை அவன் விட்டுவிட்டான். இப்போது அடிப்பது மீன்பிடிப் படகுகளுக்கு 12 வோல்ட் பேட்டரியில் எரியும் விளக்கின் பாடி. விழிஞ்ஞம் கடற்கரை உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளை பூத்துப் பொரிந்துவிடுகிறது, இது அப்படியே இருக்கிறது. 12 வோல்ட் என்பதால் ஷாக் பயமும் இல்லை. உடையாமலிருக்கக் கிராஃபைட்டைக் குறைத்துச் சுவரைக் கொஞ்சம் தடிமனாக்கியிருக்கிறான். இரும்புத் திருகு மட்டும் கிராஃபைட்டோடு சேர்ந்தால் உப்பில் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று புதிதாக ஒரு தலைவலி. அதற்கும் வழி தேடிக்கொண்டிருக்கிறான். ஆர்டர் சின்னதுதான். பழைய இரண்டு மெஷின்களே இதற்குச் சமாளிக்கின்றன.

போன வாரம் பேசும்போது கேட்டேன், "கடத்துத்திறன் எவ்வளவுடா வருது இப்ப?"

"மூணு, சித்தப்பா."

"போதுமாடா?"

"மதி."

டிஸ்கி: நான் வங்கிக்காரன், விஞ்ஞானி இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், தப்பு இருக்கும் இடத்தில் காதைத் திருகிச் சொல்லுங்கள். அந்தத் திருகு விஷயத்துக்கும் யோசனை இருந்தால் பையனிடம் சேர்த்துவிடுகிறேன்.